பத்து மீட்டர் ஏற்றத்தின் விலை

களியக்காவிளையில் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் வரும் பெட்ரோல் பங்க்குகளில் எண்பலகைகளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நிற்கலாம். மார்த்தாண்டத்தின் டிஎன் 75 வண்டிகளுக்கு நடுவே பாறசாலையின் கேஎல் 19, நெய்யாற்றின்கரையின் கேஎல் 20 என்று கேரள வண்டிகளும் வரிசையில் நிற்கும். காரணம் விலைதான். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெட்ரோல் மீதான வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. 2023 ஏப்ரலில் கேரள அரசு சமூகப் பாதுகாப்பு நிதிக்காக 2 ரூபாய் கூட்டியது. ஏற்கெனவே இருந்த வித்தியாசத்தோடு இவையும் சேர, எல்லையின் இந்தப்பக்கத்துக்கும் அந்தப்பக்கத்துக்கும் லிட்டருக்கு ஐந்து ரூபாய்க்குக் குறையாத இடைவெளி விழுந்தது.

இந்த ஐந்து ரூபாய்க்காக எவ்வளவு தூரம் போகலாம்? 30 லிட்டர் போட்டால் 150 ரூபாய் மிச்சம். இந்தச் சாலையில் ஒரு சிறிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். பாறசாலையிலிருந்து வருபவருக்குப் போக வர எட்டு கிலோமீட்டர். அரை லிட்டருக்குச் சற்று மேல், சுமார் 55 ரூபாய் செலவு. அவருக்கு லாபம் உண்டு. நெய்யாற்றின்கரையிலிருந்து வருபவருக்குப் போக வர 26, 27 கிலோமீட்டர் ஆகிவிடும். 1.8 லிட்டர், 180 ரூபாய்க்கு மேல். அவர் 150 ரூபாயை மிச்சம் பிடிக்க 180 ரூபாய் செலவழித்திருக்கிறார். கணக்கைத் தலைகீழாகப் போட்டால், லாபமும் நஷ்டமும் சமமாகும் இடம் எல்லையிலிருந்து 11 கிலோமீட்டரில் வருகிறது. ஏறத்தாழ அமரவிளை. அதற்கு வடக்கே இருப்பவர் பெட்ரோலுக்காக மட்டும் வந்தால் கைக்காசு போகும்.

இது பணக் கணக்கு. காற்றின் கணக்கில் அமரவிளைக்கு எந்தச் சலுகையும் இல்லை. பெட்ரோல் போடுவதற்கென்றே ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் வீண்தான். அந்த 1.8 லிட்டர் நான்கு கிலோவுக்கு மேல் கார்பன் டைஆக்சைடாக மாறி வெளியேறுகிறது.

இந்த இடத்தில் பலர் கேட்பார்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே முக்கால் கிலோதான், அது எப்படி 2.3 கிலோ புகையாகும்? நியாயமான கேள்வி. பெட்ரோலில் எடைப்படி ஏழில் ஆறு பங்கு கார்பன். ஒரு லிட்டரில் சுமார் 640 கிராம். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. கார்பனின் அணு எடை 12, இரண்டு ஆக்சிஜன்களின் எடை 32. ஆக 12 கிராம் உள்ளே போனால் 44 கிராம் வெளியே வரும். வெளியேறும் வாயுவின் எடையில் பெரும்பகுதி நாம் பங்க்கில் வாங்கியது அல்ல, வழியெல்லாம் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் கலவையின் லிட்டருக்கான ஆற்றல் ஆறேழு சதவீதம் குறையும். மைலேஜ் கொஞ்சம் இறங்கிவிட்டது என்று வண்டிக்காரர்கள் சொல்வதில் மிகையில்லை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இந்த அத்தியாயத்தில் சுத்தப் பெட்ரோலையே எடுத்துக்கொள்கிறேன்.

கார் ஓட்டுவதால் சுற்றுச்சூழலுக்கு வரும் கேட்டைக் குறைக்க அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. மிதமான வேகம், டயரில் காற்று, மேல்தட்டில் சுமை ஏற்றாதே. இவற்றில் பெரும்பாலானவை மணிக்கு 110 கிலோமீட்டரில் நேர்கோட்டில் பறக்கும் நாடுகளில் எழுதப்பட்டவை. தவறானவை அல்ல. ஆனால் ஆற்றல் எங்கே ஒழுகுகிறதோ அங்கேதான் அடைக்க வேண்டும். அது சாலைக்குச் சாலை மாறும். இதைக் காட்ட பாறசாலை வட்டாரத்தைவிட நல்ல பரிசோதனைக்கூடம் கிடைப்பது அரிது. ஏனென்றால் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு இரண்டு சாலைகள் உண்டு, இரண்டும் முற்றிலும் வேறுபட்ட இயற்பியல் கொண்டவை.

பழைய சாலை களியக்காவிளையில் தொடங்கி இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, ஆறாலுமூடு, பாலராமபுரம், நேமம், கரமனை என்று ஊர் ஊராகத் தொட்டுப் போகும். முப்பது சொச்சம் கிலோமீட்டர். ஊர்களுக்கு இடையே ஊர் இல்லாத இடம் என்று ஒன்று இல்லை; வீடு, கடை, பள்ளிக்கூடம், பேருந்து நிறுத்தம், மறுபடியும் வீடு. கரமனையிலிருந்து கொடிநடை வரை அகலப்படுத்திவிட்டார்கள். அதற்குத் தெற்கே, விழிஞ்ஞம் சாலையும் காட்டாக்கடை சாலையும் வந்து முட்டும் பாலராமபுரம் சந்திப்பிலிருந்து, குறுகலான சாலைதான். புதிய சாலை புறவழிச்சாலை. கழக்கூட்டத்திலிருந்து திருவல்லம், முக்கோலை வழியாகப் பாறசாலைக்கு அருகே எல்லையில் உள்ள காரோடு வரை நான்கு வழி. முக்கோலை முதல் காரோடு வரையிலான 16 கிலோமீட்டர் கான்கிரீட் தளம்.

முதலில் பழைய சாலை.

ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் சுமார் 96 கிலோஜூல். முன்னால் போகும் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது. நாமும் பிரேக்கை அழுத்துகிறோம். அந்த 96 கிலோஜூலும் பிரேக் தட்டில் வெப்பமாகிப் போய்விட்டது. திரும்ப 50-ஐத் தொட இன்னொரு 96 கிலோஜூலைச் சக்கரத்துக்குக் கொடுக்க வேண்டும். ஊருக்குள் ஓடும்போது எஞ்சின் பெட்ரோலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் சக்கரத்துக்குக் கடத்தும். எனவே 480 கிலோஜூல் எரிய வேண்டும். ஒரு லிட்டரில் 32,000 கிலோஜூல் என்றால் இது 15 மில்லிலிட்டர். ஒரு மருந்து மூடி அளவு. விலை ஒன்றரை ரூபாய்.

களியக்காவிளைக்கும் கரமனைக்கும் இடையே முப்பது முறை இப்படி நின்று கிளம்பினால் 450 மில்லி. அந்தத் தூரத்துக்கு மொத்தச் செலவே இரண்டேகால் லிட்டர் என்பதை நினைத்தால், ஐந்தில் ஒரு பங்கு பிரேக்கில் போகிறது. காற்றைக் கிழிப்பதற்கு இந்த வேகத்தில் செலவாவது இதைவிடக் குறைவு. காரின் முகப்பு வளைவு நெளிவுகளால் இந்தச் சாலையில் பெரிய பலன் எதுவும் கிடையாது.

வேகம் இருமடி விதிப்படி கணக்கில் வருவதுதான் இதில் முக்கியம். 50-க்குப் பதிலாக 30-இலிருந்து நின்றால் இழப்பு 35 கிலோஜூல்தான், மூன்றில் ஒரு பங்கு. முன்னால் பேருந்து நிற்கப் போகிறது என்று தெரிந்தும் 50 வரை ஏற்றிவிட்டுப் பிறகு அழுத்துபவரும், 30-இலேயே கால் எடுத்து உருட்டிக்கொண்டு வருபவரும் ஒரே நேரத்தில்தான் பாலராமபுரம் சந்திப்புக்கு வந்து சேர்வார்கள். முந்திய ஆள் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பத்து மில்லி கூடுதலாக எரித்திருப்பார், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம் இந்த நிலத்துக்கே உரியது. மலைக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் இந்த இடைநாடு எங்கும் தட்டை இல்லை. ஆற்றுக்கும் தோட்டுக்கும் இறங்கி, அடுத்த குன்றுக்கு ஏறி, மறுபடி இறங்கும். ஒரு டன் காரைப் பத்து மீட்டர் உயரம் ஏற்ற 98 கிலோஜூல் வேண்டும். மேலே கண்ட 96-க்கு மிகக் கிட்டே. அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகமும் பத்து மீட்டர் ஏற்றமும் ஆற்றல் சந்தையில் ஏறக்குறைய ஒரே விலை. இந்தச் சமன்பாட்டைத் தெரிந்துகொண்டவருக்குச் சாலையின் ஏற்ற இறக்கமே ஒரு சேமிப்புக் கணக்கு. ஏற்றத்தின் உச்சியில் ஒரு சந்திப்பு இருக்கிறதா? அடிவாரத்திலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். ஏற்றம் வேகத்தைத் தின்னும், பிரேக் வேண்டியிருக்காது. இறக்கத்தின் அடியில் பாலம், அதற்கப்பால் ஏற்றமா? பிரேக்கைத் தொடாமல் பாதுகாப்பான வேகத்தில் இறங்கினால் அந்த ஆற்றலே எதிர் ஏற்றத்தில் பாதியை ஏற்றிவிடும். எதிரில் ஆளும் வண்டியும் இல்லாதபோது மட்டும், என்று சொல்லவேண்டியதில்லை.

இறக்கத்தில் என்ன செய்வது என்பதில் இந்தப் பகுதியில் தலைமுறைச் சண்டையே உண்டு. பின்னிருக்கைப் பெரியவர் சொல்வார்: “நியூட்ரல் போட்டு விடு மக்கா, எண்ணெய் மிச்சம்லா.” ஓட்டுகிற பையன் சொல்வான்: “இது பழைய அம்பாசிடர் இல்ல மாமா, இஞ்ஜெக்‌ஷன் வண்டியாக்கும்.” பையன் சொல்வது சரி. பெரியவர் சொன்னதும் அவர் காலத்துக்குச் சரி. கார்பரேட்டர் வண்டியில் எஞ்சின் சுழலும்வரை அது பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நியூட்ரலில் சுழற்சி குறைவதால் உறிஞ்சலும் குறையும். இன்றைய எஞ்சினைக் கட்டுப்படுத்துவது கணினி. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், வண்டியின் ஓட்டமே எஞ்சினைச் சுழற்றுகிறது என்பதை அது உணர்ந்து பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். செலவு பூஜ்யம். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் அணையாமலிருக்கக் கணினி கொஞ்சம் பெட்ரோல் விட்டே ஆகவேண்டும். போதாக்குறைக்கு எஞ்சின் பிடிமானமும் போய், இறக்கத்தின் பாரம் முழுக்கப் பிரேக்கின் தலையில்.

நிற்கும்போது ஓடும் எஞ்சினைப் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். 1.2 லிட்டர் எஞ்சின் சும்மா ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டர் வாக்கில் செலவாகும். குளிர்சாதனம் போட்டிருந்தால் இன்னொரு அரை லிட்டர். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் இருபது நிமிடம் ஏசி போட்டுக் காத்திருக்கும் கார் 400 மில்லி எரித்து, கிட்டத்தட்ட ஒரு கிலோ கார்பன் டைஆக்சைடை விடுகிறது. போன தூரம் பூஜ்யம். வெளியே வரும் பிள்ளைகள் அந்தப் புகை உயரத்தில்தான் நடக்கிறார்கள்.

இனி புறவழிச்சாலை. இங்கே பேருந்து நிறுத்தம் இல்லை, சந்திப்பு குறைவு. பிரேக் கணக்கு செல்லாது. காருக்கு எதிரே இரண்டு விசைகள்தான் மிச்சம்: டயரின் உருள் தடை, காற்றின் தடை. உருள் தடை வேகத்தால் அதிகம் மாறாது. ஒரு டன் காருக்கு 100 நியூட்டன் சுமாராக. காற்றுத் தடை வேகத்தின் இருமடியில் ஏறும். 60-இல் அது 110 நியூட்டன், உருள் தடைக்குச் சமானம். 80-இல் 200. 100-இல் 310.

அதாவது 60 வரை டயரும் காற்றும் பங்காளிகள், அதற்கு மேல் காற்று ஒன்றே முதலாளி. 70-இல் ஒரு கிலோமீட்டர் போகச் சக்கரத்துக்கு 250 கிலோஜூல் போதும்; 100-இல் 410 வேண்டும். பாரம் ஏறும்போது எஞ்சின் கொஞ்சம் திறமையாக வேலை செய்யும் என்பதால் பெட்ரோல் மிச்சம் அதே விகிதத்தில் இருக்காது. ஆனாலும் நான்கில் ஒரு பங்கை எதிர்பார்க்கலாம். விலையாகக் கொடுக்கவேண்டியது நேரம். முக்கோலையிலிருந்து காரோடு வரை 100-இல் பத்து நிமிடம், 70-இல் பதினான்கு நிமிடம். நான்கு நிமிடம்! காரோட்டில் இறங்கிப் பழைய சாலையில் சேர்ந்ததும் முதல் லாரிக்குப் பின்னால் அந்த நான்கு நிமிடமும் கரைந்துவிடும்.

ஜன்னலைத் திறப்பதா, ஏசி போடுவதா என்ற நித்திய வழக்குக்கும் இங்கேதான் தீர்ப்பு. பழைய சாலையில் காற்றுத் தடை பொருட்டே இல்லை, ஜன்னலைத் திறக்கலாம். புறவழியில் 80-இல் திறந்த ஜன்னல் காற்றோட்டத்தைக் குலைத்துத் தடையைக் கூட்டும். மூடிவிட்டு ஏசி போடுவதில் குற்றமில்லை. வெயிலில் நின்ற காரில் ஏறினால், இரண்டு நிமிடம் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து ஓட்டிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுவது எந்தச் சாலையிலும் நல்லது. பலாமரத்தடியில் நிறுத்தியவருக்கு அந்த வேலையும் இல்லை; பலாக்காய்ப் பருவத்தில் மட்டும் கொஞ்சம் மேலே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உருள் தடை எங்கிருந்து வருகிறது? டயர் சாலையைத் தொடும் இடத்தில் தட்டையாகிறது, விலகும்போது மறுபடி வளைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் அமுங்கி விரிகிறது. அமுக்கச் செலவழித்த ஆற்றல் முழுதும் விரியும்போது திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி ரப்பருக்குள்ளேயே வெப்பமாகிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு டயரைத் தொட்டால் சுடுவது இதனால்தான். இந்த உள்ளிழப்பு செயற்கை ரப்பரைவிட இயற்கை ரப்பரில் குறைவு. சூடேறாமல் இருக்கவேண்டிய லாரி, பேருந்து, விமான டயர்களில் இயற்கை ரப்பரைக் கூடுதலாகச் சேர்ப்பது அதற்காகவே. வெள்ளறடை, குலசேகரம் பக்கம் விடியலில் பால்வெட்டி, வீட்டு முற்றத்தில் ஷீட்டாக உலர்த்தும் அதே சரக்கு. கார் டயரின் உருள் தடையைக் குறைத்த அடுத்த பெரிய அடி 1990-களில் வந்தது: ரப்பரில் சேர்க்கும் கார்பன் கருப்பில் ஒரு பகுதியை நீக்கிச் சிலிக்காவைச் சேர்த்தார்கள். மிஷெலின் நிறுவனம் 1992-இல் அப்படிப்பட்ட டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஈரச் சாலையில் பிடிமானம் குறையாமலே தடை குறைந்தது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை காணும் ஊருக்கு ஈரத்தில் பிடிமானம் குறையாதது முக்கியம்.

காற்றழுத்தம் குறைந்த டயர் கூடுதலாக அமுங்கும். 33 இருக்கவேண்டிய இடத்தில் 26 இருந்தால் உருள் தடை எட்டில் ஒரு பங்கு ஏறும். பெட்ரோல் மூன்று நான்கு சதவீதம் கூடும். அதோடு தேய்மானமும். தேய்ந்த ரப்பர் எங்கே போகிறது என்று பெரும்பாலும் யோசிப்பதில்லை. துகளாகச் சாலையோரத்தில் படிந்து, முதல் மழையில் ஓடைக்குப் போகிறது. இங்கே ஓடைகள் நெய்யாற்றுக்கும், நெய்யாறு பூவாரில் கடலுக்கும் போகின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் முட்டையிட ஆறேறி வரும் ஒருவகைச் சால்மன் மீன்கள் மழைக்குப் பின் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. டயர் ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்கச் சேர்க்கும் ஒரு பாதுகாப்புப் பொருள், ஓசோனோடு வினைபுரிந்து உருமாறி நீரில் கலப்பதே காரணம் என்று 2020 இறுதியில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மின்சாரக் கார் வாங்கினாலும் இந்தப் பிரச்சினை தீராது. எடை கூடுவதால் டயர் தேய்வு கொஞ்சம் கூடவும் செய்யும்.

குறுகிய பயணங்களைப் பற்றிய உண்மை கசப்பானது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபிறகு புதிய கார்களின் புகை முன்பைவிட மிகவும் சுத்தமாகிவிட்டது. ஆனால் அந்தச் சுத்தத்தைச் செய்யும் வினையூக்கி மாற்றி 250, 300 டிகிரிச் சூட்டுக்கு வந்தபிறகுதான் முழு வேலை செய்யும். வண்டியைக் கிளப்பி முதல் ஓரிரு நிமிடங்களில் எஞ்சினிலிருந்து வரும் எரியாத பெட்ரோல் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் ஏறக்குறைய அப்படியே வெளியேறும். முக்கிற்குப் போய் மீன் வாங்கி வர ஒன்றரை கிலோமீட்டர் காரில் போகிறவர், பயணத்தின் பெரும்பகுதியை அந்த நிமிடங்களிலேயே முடித்துவிடுகிறார். கிலோமீட்டருக்கு என்று கணக்கிட்டால் மிக அழுக்கான பயணம் இதுதான். வீடுகள் தொடர்ச்சியாகப் பரவிக் கிடக்கும் இந்த எல்லைக் கிராமங்களில் எல்லாமே ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கின்றன: ரேஷன் கடை, கோயில், பள்ளிக்கூடம், சர்ச். மீனையும் மருந்தையும் மின்கட்டணத்தையும் மூன்று தடவையாக இல்லாமல் ஒரே சுற்றில் முடித்தால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவது மூன்றிலிருந்து ஒன்றாகும். நடந்தோ சைக்கிளிலோ போனால் அதுவும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஓட்டும் முறை. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்பவர் பதினைந்து, இருபது சதவீதம் மிச்சப்படுத்தலாம். பெரிய இழப்பு இன்னும் தொடப்படாமல் காலியான இருக்கைகளில் உட்கார்ந்திருக்கிறது. ஆயிரம் கிலோ கார், 65 கிலோ ஆள். பெட்ரோலின் ஆற்றலில் ஐந்தில் ஒன்று சக்கரத்துக்கு வருகிறது. சக்கரத்துக்கு வந்ததில் ஆளின் எடைக்கான பங்கு நூற்றில் ஆறு. பெருக்கிப் பாருங்கள்: நாம் காசு கொடுத்து வாங்கியதில் ஒரு சதவீதம்தான் நம்மைச் சுமக்கிறது, மீதி இரும்பையும் காற்றையும் வெப்பத்தையும். இந்த வட்டாரத்திலிருந்து தினமும் திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்கள் ஏராளம். தலைமைச் செயலகத்திலும் டெக்னோபார்க்கிலும் வேலை பார்ப்பவர்கள், மருத்துவக் கல்லூரிக்கும் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கும் சிகிச்சைக்குப் போகிறவர்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் தமிழ்நாட்டுக்காரர்களும் இதில் உண்டு. ஒரே தெருவிலிருந்து ஒரே அலுவலகத்துக்கு இரண்டு கார் போனால், ஒருவர் இன்னொருவரோடு ஏறிக்கொள்வது ஒரே நாளில் ஆளுக்கு ஐம்பது சதவீதம் குறைக்கும். எந்த டயரும் எந்த வித்தையும் அதற்கு ஈடாகாது. பக்கத்துவீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கவேண்டும், அதுதான் இதிலுள்ள ஒரே தொழில்நுட்பச் சிக்கல்.

காருக்கு மாற்றாக ரயிலும் உண்டு. 1979-இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில்பாதை திறந்தபோது பாறசாலை, தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் எல்லாம் நிலையங்களாயின. எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் டயரைப்போல அமுங்குவதில்லை. உருள் தடை டயரில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. நீளமான ரயிலில் முதல் பெட்டிதான் காற்றைக் கிழிக்கும், மற்றவை அதன் பின்னால். ஓர் ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு என்று பார்த்தால் தனியாள் காரை எந்தப் பக்கத்திலும் இது நெருங்கவிடாது. நெடுங்காலம் ஒற்றைப் பாதையாகவே கிடந்தது இதன் குறை. எதிர்வண்டிக்காகக் காத்துக் காத்து அலுத்தவர்கள் காருக்கு மாறினார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இரட்டைப் பாதைப் பணியின் பலனைக் கார்பன் கணக்கிலும் எழுதவேண்டும். பிறகு மிச்சமிருப்பது வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையிலுள்ள இரண்டு மூன்று கிலோமீட்டர். அங்கேதான் கார் மறுபடி உள்ளே நுழைகிறது, அதுவும் குளிர்ந்த எஞ்சினோடு.

அந்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்கான வண்டி நெய்யாற்றின்கரையிலேயே தயாராகிறது என்பது சுவையான விஷயம். பாலராமபுரத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஆறாலுமூட்டில், இதே பழைய சாலையோரத்தில் இருக்கிறது கேரளா ஆட்டோமொபைல்ஸ் என்ற மாநில அரசு நிறுவனம். மூன்று சக்கர வண்டிகளுக்காக 1978-இல் தொடங்கியது. 2019-இல் ‘நீம் ஜி’ என்ற மின்சார ஆட்டோவை வெளியிட்டது. ஒருமுறை மின்னேற்றினால் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். அடுத்த ஆண்டே நேபாளத்துக்கு ஒரு தொகுதி போனது.

மின்சார வண்டி எங்கே அதிகப் பலன் தரும் என்பதற்குப் பழைய சாலையின் பிரேக் கணக்கே விடை. மின்மோட்டார் உள்ள கார்களில், காலை எடுத்ததும் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, பிரேக்கில் வெப்பமாகப் போயிருக்கவேண்டிய ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பும். நிற்கும்போது மோட்டாருக்குச் செலவில்லை. நின்று நின்று போகும் சாலையில் பெட்ரோல் கார் எவ்வளவு மோசமோ, மின்சார கார் அவ்வளவு நன்று.

ஆனால் மின்சாரமும் எங்கோ எரிந்துதான் வருகிறது. இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சராசரி 0.7 கிலோ கார்பன் டைஆக்சைடு. கேரளத்தில் இடுக்கி நீர்மின் நிலையம் இருக்கிறதே என்று சொல்ல முடியாது. மாநிலம் தன் தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது, 2013 டிசம்பர் 31-இல் தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்புகளோடு இணைந்தபிறகு இணைப்பு நாடெங்கும் ஒன்றே. முப்பந்தல் காற்றாலையும் சிங்ரௌலி நிலக்கரியும் அதில் கலந்தே வரும். இந்தச் சராசரியில் ஒரு சிறிய மின்சார கார் கிலோமீட்டருக்கு 100 கிராம். பெட்ரோலை எடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவரும் செலவையும் சேர்த்தால் நம் 15 கிலோமீட்டர் பெட்ரோல் கார் 180 கிராம். வித்தியாசம் 80. ஆனால் 30 யூனிட் பேட்டரியைச் செய்யும்போதே இரண்டு மூன்று டன் வெளியேறியிருக்கும். அதை ஈடுகட்ட முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடவேண்டும். கூரையில் சூரியத்தகடு வைத்துப் பகலில் மின்னேற்றினால் அது பதினைந்தாயிரத்துக்குக் கீழே இறங்கும்.

இப்போது யார் முதலில் மாறவேண்டும் என்பது தெளிவு. வளைகுடாவிலிருந்து திரும்பியவர் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் கல்யாணங்களுக்கும் மட்டும் வெளியே எடுக்கும் கார் ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓடும். சூரியத்தகடு இல்லாமல் அதை மாற்றினால் எட்டு ஆண்டு கழிந்துதான் பூமிக்கு ஒரு கிராம் லாபம். அந்த வீடு பழைய பெட்ரோல் காரையே நன்றாகப் பராமரித்து இன்னும் குறைவாக ஓட்டலாம். பாறசாலை நிலையத்தின் முன்னால் நிற்கும் ஆட்டோ தினம் தொண்ணூறு கிலோமீட்டர், ஆண்டுக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் ஓடும். அதன் பேட்டரி சிறியது. ஓராண்டுக்குள் கடன் தீர்ந்துவிடும். மானியம் என்று ஒன்று கொடுத்தால் முதலில் அங்கேதான் போகவேண்டும் என்பது என் கட்சி.

மின்னேற்றும் நேரத்திலும் விஷயம் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு விளக்கும் விசிறியும் ஏசியும் ஒன்றாக எரியும்போது வண்டியையும் செருகினால், அந்தக் கூடுதல் யூனிட்டைக் கொடுப்பது பெரும்பாலும் அனல் நிலையம். நண்பகலில் சூரிய மின்சாரம் வாங்க ஆளில்லாமல் கிடக்கும். கேரள மின்வாரியம் 2021-இல் கோழிக்கோட்டில் தொடங்கி, மின்கம்பங்களிலேயே மின்னேற்று முனைகளைப் பொருத்தி ஆயிரத்துக்கு மேல் கொண்டுபோயிருக்கிறது. இரண்டு, மூன்று சக்கர வண்டிகளை நினைத்துச் செய்தது. ஆட்டோக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு வண்டியை ஓரங்கட்டும் ஒன்றரை மணி நேரம்தான் வெயில் உச்சியிலிருக்கும் நேரமும். அந்தக் கம்பம் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, முனை வேலை செய்கிறதா, முன்னால் வேறு வண்டி நிறுத்தி மறைக்காமல் இருக்கிறார்களா என்பதில்தான் மீதி இருக்கிறது.